கம்ப்யூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம்: புளியங்கொட்டை, பொட்டு அட்டை, கோலமாவு வைத்துச் சொல்லித் தருபவர்கள் வாருங்கள்

#1 கரிசல்மண்

வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினான்கு பிள்ளைகளை வைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கலந்து இருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தபோது பழக்கமான பிள்ளைகள், அப்புறம் அவர்கள் கூட்டிவந்த தம்பி தங்கைகள். இடம் ஊர்ச் சாவடி. கையில் இருப்பது ஒரே ஒரு பழைய லேப்டாப். சாவடியில் பிளக் பாயிண்ட் கிடையாது.

நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வரிசையாக உள்ளே போவோம். மவுஸ், மானிட்டர், சி.பி.யு. என்று நோட்டில் படம் வரைந்து பாகம் குறிப்போம். கீபோர்டை நான் தொட்டதே பத்தாம் வகுப்பில்தான். அது எண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது, உள்ளே ஒரு தப்பு நடந்தால் அதற்கு எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் காதில் விழுந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது முதலிலேயே கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், மைக் ஃபெலோஸுடனும் இயன் விட்டனுடனும் சேர்ந்து 1990-களில் உருவாக்கிய 'அன்பிளக்டு' செயல்பாடுகளைப் படித்தேன். மின்சாரமே வேண்டாம். அட்டை, கயிறு, சாக்பீஸ் போதும். அதில் ஒன்றைப் போன ஞாயிறு செய்து பார்த்தேன்.

அட்டைக்குப் பதில் புளியங்கொட்டை. தாயம் ஆட உரசி வைப்போமே, அதே மாதிரி ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கினோம். பிள்ளைகள் இரண்டு நாள் உட்கார்ந்து உரசினார்கள். ஒரு பையனிடம் 25 கொட்டைகளைக் கொடுத்து, ஐந்துக்கு ஐந்தாக, வெள்ளையும் கறுப்பும் அவன் இஷ்டப்படி அடுக்கச் சொன்னேன். "சரி, இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று சொல்லி வலப்பக்கம் ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை நானே சேர்த்தேன். ஆறுக்கு ஆறு, 36 கொட்டை. நான் திரும்பி நின்றுகொண்டேன். யாராவது ஒருவர் ஒரே ஒரு கொட்டையைப் புரட்ட வேண்டும். நான் திரும்பிப் பார்த்து எது என்று சொன்னேன். சாவடியே அமளியாகிவிட்டது. மந்திரம் என்றார்கள். என் தங்கை சைகை காட்டுகிறாள் என்று அவளை வெளியே அனுப்பினார்கள்.

நான்காவது தடவை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க சேர்த்த கொட்டையிலதான் விஷயம் இருக்கு" என்றாள். அவள்தான் கண்டுபிடித்தாள். நான் சேர்த்த கொட்டைகளால் ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் வெள்ளையின் எண்ணிக்கை இரட்டைப்படையாகிவிடுகிறது. ஒன்றைப் புரட்டினால் ஒரு கிடைவரிசையும் ஒரு நெடுவரிசையும் ஒற்றைப்படையாகும். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் திருட்டு.

அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, ரெண்டு புரட்டினா?"

"ரெண்டு புரட்டினா கண்டுபிடிக்க முடியாதுடா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அவன் முகம் சுருங்கியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அந்த நாள் முழுக்க நடந்ததில் நல்ல கேள்வி அதுதான், அதை நான்தான் அமுக்கினேன்.

இதேபோல் வேறு என்னென்ன செய்யலாம், லேப்டாப்பை எப்போது வெளியே எடுக்கலாம், அந்தப் பையனிடம் இனி எப்படிப் போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பிட்டும்பைட்டும்

வாழ்த்துகள் சகோதரி. மென்பொருள் துறையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு எச்சரிக்கையும் ஒரு யோசனையும்.

எச்சரிக்கை முதலில். இந்த விளையாட்டுகளை மட்டும் விளையாடிவிட்டு விட்டால், பிள்ளைகள் "ஜாலியா இருந்துச்சு" என்பதோடு போய்விடுவார்கள். இஸ்ரேலில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் இதே அன்பிளக்டு செயல்பாடுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. கணினி அறிவியல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பொதுவாகப் புரிந்திருந்தாலும், எல்லாவற்றுக்கும் மையம் அந்தப் பெட்டிதான் என்ற எண்ணம் விலகவில்லை என்பது அதன் முடிவு. பெட்டி ஒரு கருவிதான் என்று காட்டுவதுதான் செயல்பாடுகளின் நோக்கமே. என் அனுபவமும் அதுதான். முதல் வருடம் நான் விளையாட்டு காட்டினேன், பாடம் காட்டவில்லை.

அதனால் யோசனை: கொட்டையைப் பைக்குள் போடுவதற்குள், அதே நாளில், அதே விஷயம் அவர்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். பிஸ்கட் பாக்கெட் போதும். பட்டைக்கோட்டுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். இங்கே பதிவான நிறுவனத்தின் பொருளானால் 890 என்று தொடங்கும். முதல் இலக்கம் அப்படியே, இரண்டாவதை 3-ஆல் பெருக்கு, மூன்றாவது அப்படியே, நான்காவதை 3-ஆல் பெருக்கு. இப்படியே 13-ம் முடித்துக் கூட்டினால் கடைசியில் பூஜ்ஜியம் வரவேண்டும், அதாவது பத்தின் மடங்கு. கடைசி இலக்கம் அதற்காகவே வைக்கப்பட்டது, நீங்கள் சேர்த்த கொட்டை மாதிரி. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என்.-க்கும் இதே கணக்கு.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். "தப்பு சார்" என்றார்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிக் கொடுத்தேன். அதையும் பிடித்தார்கள். பிறகு 1-ம் 6-ம் அடுத்தடுத்து வந்த ஒரு எண்ணில் அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றினேன். கணக்கு சரியாக வந்தது! ஐந்து வித்தியாசமுள்ள ஜோடியை மாற்றினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். ஒரு பெண் அரைமணி நேரம் மல்லுக்கட்டி 2-7, 3-8 என்று முழுப் பட்டியலும் எடுத்துவிட்டாள்.

உங்கள் ஆறாம் வகுப்புப் பையனுக்கு 36 கொட்டையையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

#3 செய்யுள்வாத்தியார்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். கம்ப்யூட்டர் எனக்குப் பேரப்பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தது. ஆனால் நான் முப்பது வருடம் நடத்தியதும் இதே பாடம்தான் என்று தாமதமாகத் தெரிந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

யாப்பில் அசை இரண்டே இரண்டு. நேர், நிரை. மூன்றாவது கிடையாது. நேருக்கு 0, நிரைக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரசைச்சீர் எத்தனை? நான்கு. தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண்ணில் 0, 1, 2, 3 முடிந்தது. மூவசைக்குப் போனால் எட்டு. தேமாங்காய் 000, தேமாங்கனி 001, கூவிளங்காய் 010, கூவிளங்கனி 011, புளிமாங்காய் 100, புளிமாங்கனி 101, கருவிளங்காய் 110, கருவிளங்கனி 111. காய் என்றால் கடைசியில் நேர், கனி என்றால் நிரை. நாலசைச்சீர் பதினாறு. ஏன் 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது என்று ஒரு மாணவன்கூட என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

இப்போது தெருப் பிள்ளைகளிடம் கைதட்டி விளையாடுகிறேன். நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு வேகத் தட்டு. அவரவர் பெயரை அசை பிரிக்க வேண்டும். கண்ணன், கண்-ணன், நேர் நேர், தேமா, பூஜ்ஜியம். பாரதி, பா-ரதி, கூவிளம், ஒன்று. முருகன், முரு-கன், புளிமா, இரண்டு. மலர்விழி, கருவிளம், மூன்று. தன் பெயர் பூஜ்ஜியம் என்று கேட்டதும் கண்ணனுக்கு வருத்தம். எண் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும், நீதான் முதல் ஆள் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

முதல் குறளையே எடுத்துப் பாருங்கள். அகர 10, முதல 10, எழுத்தெல்லாம் 100, ஆதி 00, பகவன் 10, முதற்றே 10. ஈற்றுச்சீர் 'உலகு' பிறப்பு என்ற வாய்பாடு, அதைத் தனியாக வையுங்கள். பிள்ளைகள் இதைக் கொட்டையில் அடுக்கினார்கள். ஒருவன் கறுப்பு வெள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு தட்டினான், மற்றவர்கள் எந்தக் குறள் என்று கண்டுபிடிக்க முயன்றார்கள். முடியவில்லை. ஒரே அசை அமைப்பில் வேறு சொற்களும் உட்காரும் அல்லவா? எழுத்தை அசையாக்கும்போது எதையோ தொலைக்கிறோம் என்பது அவர்களுக்கே பட்டது. அது ஏதோ பெரிய பாடம் என்று என் பேரன் சொல்கிறான், அவனே வந்து எழுதட்டும்.

#4 பிட்டும்பைட்டும்

ஐயா, கும்பிடுகிறேன். பத்தாம் வகுப்பில் இந்த வாய்பாடுகளை நானும் உருப்போட்டவன். இத்தனை வருடம் இரும எண்ணோடு பிழைப்பு நடத்தியும் இது கண்ணில் படவில்லை. உங்கள் பேரன் சொன்னது சரிதான். படம், பாட்டு எல்லாவற்றையும் சிறிதாக்கி அனுப்பும்போது நடப்பது அதுதான். எதை விட்டால் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்துகொண்டுதான் எதையும் விட வேண்டும்.

#5 ஈரோட்டம்மா

நாங்கள் பொட்டு அட்டை செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் ஒட்டும் பொட்டு. ஐந்து அட்டை: 1, 2, 4, 8, 16. மொத்தம் 31 பொட்டு. ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையோடு நிற்க, பொட்டுப் பக்கம் காட்டினால் 1, வெற்றுப் பக்கம் காட்டினால் 0. "13 காட்டு" என்றால் 8, 4, 1 வைத்திருப்பவர்கள் காட்ட வேண்டும்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். '1' அட்டையைப் பிள்ளைகளுக்கு வலப்பக்கம் நிறுத்தினேன். எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது இடப்பக்கம். பிறகு பலகையில் 01101 என்று எழுதியபோது எல்லாம் தலைகீழ். ஒரு வாரம் குழம்பினார்கள். பார்ப்பவர்களுக்கு வலக்கோடியில்தான் '1' நிற்க வேண்டும்.

இன்னொன்று. 0-லிருந்து 31 வரை வரிசையாக எண்ணச் சொல்லுங்கள். '1' அட்டைக்காரப் பெண் ஒவ்வொரு எண்ணுக்கும் புரட்டிக்கொண்டே இருந்தாள், '16' வைத்திருந்த பையன் பாதி தூரம் சும்மா நின்றான். "நான் மட்டும் ஏன்?" என்று சண்டை. அந்தச் சண்டையிலிருந்து வந்ததுதான் பாடம்: இரண்டாவது ஆள் இரண்டுக்கொரு தடவை, மூன்றாவது ஆள் நான்குக்கொரு தடவை புரட்டுகிறார். எண்ணைப் பார்க்காமலே தன் முறை எப்போது என்று தெரியும். உன் இடது பக்கத்து ஆள் பொட்டை மறைக்கும்போதெல்லாம் நீ புரட்டு, அவ்வளவுதான்.

#6 தறிச்சத்தம்

காஞ்சிபுரம். அப்பா பட்டு நெய்தவர். நான் இப்போது கணக்கு ஆசிரியர்.

எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருந்தது. கோத்துக் கட்டிய அட்டைகள் தொங்கும். மிதியை மிதித்தால் ஒரு அட்டை நகர்ந்து வந்து ஊசிகளின் முன் நிற்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை தூங்கும். தூக்கிய இழைக்குக் கீழே குறுக்கு இழையான ஊடை ஓடும். ஒரு அட்டை, ஒரு ஓட்டம். அன்னமும் மாங்காயும் யானையும் எல்லாம் ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இரண்டே செய்தியில் எழுதப்பட்டவைதான்.

1804 வாக்கில் பிரான்சின் லியோனில் ஜக்கார்டு இதை அமைத்தார். பின்னால் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தான் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறி என்ற கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் ஓட்டை அட்டைகளை வைத்து எண்ணினார். இதை நான் பி.எஸ்சி. படிக்கும்போது புத்தகத்தில் படித்தேன். படித்த அன்று இரவு தறியின் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்தது, அன்றுதான் பார்த்தேன்.

ஒரு சம்பவம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். புது டிசைன் ஏற்றிய சேலையில் ஒவ்வொரு மாங்காயின் வயிற்றிலும் ஒரு புள்ளி. ஒரே இடத்தில், தப்பாமல் ஒவ்வொன்றிலும். அப்பா திட்டவில்லை, தறியை நிறுத்திவிட்டு அட்டைகளை ஒன்றொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடவே நானும். ஒரு அட்டையில் வேண்டாத ஓட்டை ஒன்று. காகிதத் துண்டைக் கஞ்சி தடவி ஒட்டி அடைத்தார். அடுத்த மாங்காய் சுத்தமாக வந்தது. ஒரே ஒரு மாங்காயில் மட்டும் புள்ளி இருந்திருந்தால் இழை அறுந்திருக்கும், எல்லாவற்றிலும் இருந்தால் அட்டையில்தான் தப்பு என்று அன்று சொன்னார். இன்றைக்கு என் மாணவர்களுக்கு நிரலில் பிழை தேட நான் முதலில் சொல்லித் தருவது இந்த ஒரு வாக்கியம்தான். மென்பொருளைத் திருத்தி அனுப்புவதை 'பேட்ச்' என்கிறார்களே, அந்தப் பெயரும் ஓட்டைக் காகிதத்தில் ஒட்டுப் போட்ட காலத்தில் வந்ததுதான்.

பிள்ளைகளுக்குச் செய்ய தறி வேண்டாம். பழைய காலண்டர் அட்டையில் எட்டு ஓட்டைக்கு இடம் குறித்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை போடுங்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு அட்டைக்கு ஒரு வரி, ஓட்டை இருந்தால் கட்டத்தைக் கறுப்பாக்கு. எட்டு அட்டைகள் முடிந்ததும் ஒரு படம் வந்துவிடும். பிறகு அட்டைகளைக் கலைத்துக் கொடுங்கள்.

கரிசல்மண் அக்கா, எங்கள் தறியில் ஓடித் தேய்ந்த பழைய அட்டை ஒரு கட்டு இருக்கிறது. வேண்டுமானால் தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள்.

#7 தொடுபுள்ளி

பார்வைத் திறன் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர். #1-ல் சொன்ன புளியங்கொட்டை எங்களுக்கு அப்படியே பொருந்தும். உரசிய பக்கம் தட்டையாகச் சொரசொரப்பாக இருக்கும், உரசாத பக்கம் வழவழ. விரலுக்கு உடனே தெரியும். முட்டை அட்டைக் குழியில் வைத்தால் நகராது. எங்கள் பிள்ளைகளுக்கு இரும எண்ணை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பிரெய்லில் ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் மேடு அல்லது தட்டை, மொத்தம் 64 அமைப்பு. 1824-ல் லூயி பிரெய்ல் இதை உருவாக்கியபோது அவருக்குப் பதினைந்து வயதுதான். அவர்கள் தினமும் விரலால் படிப்பது அதைத்தான். மற்ற பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தால் எங்கள் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.

#8 வாவிக்கரை

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். மகன் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை வருடம். எந்நேரமும் வினாத்தாள்தான். பின்னேரம் அரை மணித்தியாலம் மட்டும் இப்படி ஏதாவது செய்கிறோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சேற்று நகரம். சோடா மூடிகள்தான் வீடுகள், வீடுகளுக்கு இடையே பாதைக்குக் கல் பதிக்க வேண்டும், கல்லுக்குத் தீக்குச்சி. ஒவ்வொரு பாதைக்கும் இத்தனை குச்சி என்று எழுதிவிடுவோம். எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் கால் நனையாமல் போக வேண்டும், குச்சி மிகக் குறைவாகச் செலவாக வேண்டும். முதல் நாள் மகன் 29 குச்சியில் முடித்தான். நான் 26. அவனுடைய அப்பா வேலையால் வந்து சப்பாத்தோடேயே குந்தியிருந்து 24-இல் முடித்தார். மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு தானே ஒரு முறை கண்டுபிடித்தான்: ஆகக் குறைந்த குச்சிப் பாதையை முதலில் போடு, பிறகு அடுத்ததை, வளையம் வந்தால் அதை விடு. 23! அதற்குக் கீழே எங்களால் இறக்க முடியவில்லை.

1926-இல் செக் நாட்டுக் கணித அறிஞர் ஒட்டகார் பொரூவ்கா இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது மொராவியாப் பகுதிக்கு மின்சாரக் கம்பி இழுப்பதற்காக என்று வாசித்து மகனுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து லைட் போஸ்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓடுகிறான், எனக்குத்தான் பயம்.

#9 அடிவானம்

எல்லாம் படித்துவிட்டுக் கேட்கிறேன். மகளுக்கு எட்டு வயது. கோடிங் வகுப்பு, ரோபோ கிட் என்று தினமும் அழைப்பு வருகிறது. வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று பேசுகிறார்கள். புளியங்கொட்டையில் ஆரம்பித்தால் போதுமா? அவளுக்கு நான் ஏதாவது தவறு செய்துவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது.

#10 ஈரோட்டம்மா

தவறு எதுவும் இல்லை அண்ணா. நான் என் பையனுக்கு ஒரு ரோபோ கிட் வாங்கினேன். கையேட்டைப் பார்த்து மாட்டினான், ஓடியது, தரையில் வரைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் பெட்டிக்குள் போய்விட்டது. ஏன் கோட்டைப் பிடிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அந்தக் கிட்டில் இடமும் இல்லை. ஒரு பாகத்தை மாற்றி மாட்டினால் ஓடாது, ஏன் ஓடவில்லை என்றும் சொல்லாது. கொட்டையில் தப்புச் செய்தால் எங்கே தப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு அதுதான் வித்தியாசம்.

#11 பிட்டும்பைட்டும்

அம்மா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். கருவி கூடாது என்பதில்லை. 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஓர் ஆமை வந்தது. "முன்னே போ, வலப்பக்கம் திரும்பு" என்று பிள்ளை சொல்லும், ஆமை கோடு போடும். சதுரம் வரவில்லையா? பிள்ளை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்த்து எங்கே திரும்பத் தப்பினோம் என்று கண்டுபிடிக்கும். 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.-யிலிருந்து வந்த ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியும் அந்த வழியில் வந்ததுதான், இணையம் இல்லாமலும் லேப்டாப்பில் ஓடும். மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையும் அப்படித்தான். ஐந்துக்கு ஐந்து, 25 சிறு விளக்குகள். 2016-ல் பிரிட்டனில் சுமார் 10 லட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பொட்டு அட்டை செய்த பிள்ளைக்கு அந்த 25 விளக்கும் உடனே புரியும்.

அண்ணா, எட்டு வயதுக்கு அவசரமே இல்லை. ஒரு கருவி வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: பிள்ளை "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று நினைத்ததை அதில் செய்து பார்க்க முடிகிறதா? அம்மா வாங்கிய கிட்டில் முடியவில்லை, முப்பத்தாறு கொட்டையில் முடிகிறது.

கரிசல்மண், சாவடித் தரைக்கு ஒன்று. கோலமாவில் ஆறு பேருக்கான வரிசைப்படுத்தும் வலை போடுங்கள். ஆறு தொடக்கக் கட்டம், ஆறு முடிவுக் கட்டம், நடுவில் இரண்டிரண்டு பேர் சந்திக்கும் வட்டங்கள். கையில் எண்ணோடு நடக்க வேண்டும், வட்டத்தில் சந்தித்தால் சிறிய எண் இடப்பக்கம், பெரிய எண் வலப்பக்கம். 12 சந்திப்பு போதும், ஐந்து சுற்றில் எல்லோரும் ஏறுவரிசையில் நிற்பார்கள்.

நான் போட்டபோது ஒரு கோடு தப்பு. முதல் தடவை சரியாக வந்தது, இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை 4-ம் 5-ம் இடம் மாறி நின்றன. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள், நான் குனிந்து பார்த்தபோது தப்பு என்னுடையது. அப்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எத்தனை தடவை நடந்தா சரின்னு நம்பலாம்?" விடை இருக்கிறது, அழகான விடை. எண்ணுக்குப் பதிலாக 0 அல்லது 1 மட்டும் கையில் வைத்து நடக்க வேண்டும். ஆறு பேருக்கு 64 வகை. 64-ம் சரியாக வந்தால் எந்த எண்ணுக்கும் வலை சரியாக வேலை செய்யும், நிரூபணமே இருக்கிறது. நாங்கள் 64-ம் நடந்தோம். மாவு கலைந்து இரண்டு தடவை மறுபடி போட்டோம்.

#12 செய்யுள்வாத்தியார்

கோலம் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். இலக்கணம் என்ற சொல்லையே அந்தத் துறையும் வைத்திருப்பதில் எனக்கொரு மகிழ்ச்சி. கரிசல்மண் அம்மா, இரண்டு பெண்களை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருத்தி வாயால் மட்டும் சொல்ல மற்றவள் கோலம் போடட்டும். "அப்படி வளைச்சு இப்படி இழு" என்பது செல்லாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, எந்தப் பக்கமாக என்று சொல்ல வேண்டும்.

#13 கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஞாயிறு கழித்து வருகிறேன்.

காஞ்சிபுரத்து அட்டைக் கட்டு வந்து சேர்ந்தது தம்பி. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு ஓட்டை ஒட்டுப் போட்டு அடைத்திருந்தது, அதை யார் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்தேன். பிஸ்கட் பாக்கெட் கணக்கு செய்தோம். பெயரை அசை பிரித்தோம், எங்களிடம் கருவிளம் மூன்று பேர். கோல வலையை இன்னும் செய்யவில்லை. லேப்டாப்பையும் இன்னும் திறக்கவில்லை.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்கே முழுசாகத் தெரியாது, நீ பார்த்துச் சொல்லுடா என்று 36 கொட்டையையும் ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் வரவில்லை, அவன் வீட்டில் பருத்தி எடுப்பு. அதற்கடுத்த வாரம் நான் வருவதற்கு முன்பே சாவடியில் உட்கார்ந்திருந்தான். கொட்டையை அடுக்கி வைத்திருந்தான்.

"ரெண்டு ஒரே வரிசையில புரட்டினா வரிசை ஒண்ணும் சொல்லாதுக்கா. ஆனா ரெண்டு நெடுவரிசை கெட்டுப்போவும். தப்பு நடந்துச்சுன்னு தெரியும், எந்த வரிசைன்னு தெரியாது." இது முதல். "வேற வேற வரிசையில புரட்டினா ரெண்டு கிடை, ரெண்டு நெடு கெட்டுப்போவும். வெட்டுற இடம் நாலு. அந்த நாலுல எதிரெதிர் மூலையில ரெண்டு. எந்த ரெண்டுன்னு தெரியாது."

தங்கச்சியைப் புரட்டச் சொல்லி, தானே யூகித்துத் திருப்பி வைத்துப் பழகியிருக்கிறான். ஒரு தடவை தப்பான ஜோடியைத் திருப்பிவிட்டான். எண்ணிப் பார்த்தால் எல்லா வரிசையும் இரட்டைப்படை, எல்லாம் சரி. ஜெயித்துவிட்டேன் என்று குதித்திருக்கிறான். தங்கச்சி இரண்டாம் வகுப்பு. முதலில் இருந்ததை நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்து வைத்திருந்தாள். அதைக் காட்டி, "இல்லண்ணே, வேற மாதிரி இருக்கு" என்றிருக்கிறாள். நாலு மூலையும் மாறியிருந்தது, ஒரு வரிசைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த நோட்டையும் கொண்டுவந்திருந்தான். பெட்டி மாதிரி நாலு மூலையில் புரட்டினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் செய்து காட்டினான். எட்டாம் வகுப்புப் பெண் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, ஒத்துக்கிறேன்" என்றாள்.

இப்போது அவனுக்கு இன்னும் 28 கொட்டை வேண்டுமாம். எட்டுக்கு எட்டு போட்டுப் பார்க்க வேண்டுமாம். தங்கச்சி உரசிக்கொண்டிருக்கிறாள்.